நீலகிரியின் நிறங்களைப் பார்த்து நடக்க: அவலாஞ்சி – கோலரிபெட்டா மலையேற்றத்துக்கு முழு வழிகாட்டி

வண்ண மலை என்றால் இப்போது பலருக்கும் பெரு நாட்டின் வினிகுங்காதான் நினைவுக்கு வருகிறது. 5,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த மலையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பட்டை பட்டையாகத் தெரிவதற்குக் காரணம் மண்ணில் உள்ள தாதுக்கள். அங்கே நிறம் கல்லில் இருக்கிறது. எந்த மாதம் போனாலும், பனி மூடாமல் இருந்தால், அதே பட்டைகள்தான்.

நீலகிரியின் மேல்மலைக்கும் நிறங்கள் உண்டு. ஆனால் அவை புல்லிலும் தளிரிலும் பூவிலும் உறைபனியிலும் இருப்பவை. ஜனவரியில் தங்கநிறமாகக் கிடக்கும் சரிவு செப்டம்பரில் பச்சைப் பசேல் என்று பூவோடு நிற்கும். அதனால் இங்கே மலையேற வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதத்தை. ஓட்டல், வண்டி எல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. இந்த மலையில் கண்ணைப் பறிக்கும் நிறங்கள் எல்லாம் இந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. சில, 200 ஆண்டுகளுக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இன்று மலையையே மூடிக்கொண்டிருப்பவை. எது மண்ணின் நிறம், எது வந்தேறிய நிறம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மேல்மலையில் ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்க்க ஏதாவது இருக்கும். இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வராதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுவது குந்தா மலைத்தொடரில்தான். கோலரிபெட்டா சிகரத்துக்கு நாம் நடக்கத் தொடங்கும் அவலாஞ்சி இருப்பதும் அதில்தான். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. தமிழகத்தின் பல ஊர்களுக்கு ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் மழை அது. ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு கொட்டாது என்றாலும், மண் சரிவதும் மரம் விழுவதும் சாலையை மூடுவதும் இந்த மாதங்களில் வழக்கம். மலை முழுக்க மேகத்துக்குள் இருக்கும். நிறம் பார்க்க வந்தவருக்கு வெள்ளையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும் பூக்களின் காலம். மழை குறைந்து வெயில் எட்டிப் பார்க்கும்போது புல்வெளி மொத்தமும் பூக்கும். எல்லாம் சின்னச் சின்னப் பூக்கள். வண்டியில் போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாது. ஈரமான இடங்களில் காசித்தும்பை இனங்கள் இளஞ்சிவப்பில் படர்ந்திருக்கும். புல்லுக்கு நடுவே ஒற்றைத் தண்டில் ரோஸ் நிறப் பூக்களை அடுக்கிக்கொண்டு நிற்பது சட்டீரியம் என்ற தரை ஆர்க்கிட். நீர் கசியும் பாறை ஓரத்தில் குனிந்து பார்த்தால் செக்கச் செவேல் என்று ஒரு செடி தெரியும். ஒரு ரூபாய் நாணயம் அகலம்தான் இருக்கும். அதன் ஒவ்வொரு இலையிலும் மெல்லிய முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு பிசின் துளி. துளியில் ஒட்டிக்கொண்ட கொசுவைச் சுற்றி இலை மெதுவாக மடங்கும். டிரோசிரா என்ற பூச்சியுண்ணும் செடி அது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இதைப் பார்க்கவே ஒரு முறை செப்டம்பரில் வரலாம்.

அக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை. இது குன்னூர், கோத்தகிரி பக்கத்தை அதிகம் தாக்கும். மலைப்பாதையில் மண்சரிவு வருவதும் இந்தக் காலத்தில்தான். பயணத் திட்டத்தில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் நவம்பரைத் தவிர்ப்பது நல்லது.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி தொடக்கம்: என்னைக் கேட்டால் இதுதான் உச்சம். வானம் துடைத்துவிட்ட நீலம். புல் காய்ந்து தங்கநிறம். அதிகாலையில் பள்ளங்களில் உறைபனி வெள்ளை விரித்திருக்கும். அதற்கு நடுவே காட்டுப் பூவரசு மரம் ரத்தச் சிவப்பாகப் பூக்கத் தொடங்கும். நான்கு நிறத்தையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம். 2025ஆம் ஆண்டு இந்த இரண்டு மாதமும் வனத்துறை மாநிலம் முழுவதும் மலையேற்றத்தை நிறுத்தி வைத்தது. இனியும் அதே காலத்தில் நிறுத்த வாய்ப்பு அதிகம். காரணம் எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய தீயில் மலையேறப் போன 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில், காற்று அடிக்கும் சரிவில், தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு எந்த மனிதனாலும் ஓட முடியாது. இந்த மாதங்களில் யாராவது “எனக்குத் தெரிந்த வழி இருக்கிறது, கூட்டிப் போகிறேன்” என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

ஆனால் இதே மாதங்களில்தான் மலை மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடு தளிர் விடும். நாவல் இன மரங்கள், காட்டு இலவங்கம் எல்லாம் சிவப்பு, செம்பு, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று தளிர்த்து, பிறகுதான் பச்சைக்கு மாறும். இளந்தளிரை வெயில் கருக்காமலும் பூச்சி தின்னாமலும் காக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் அந்தச் சிவப்புக்குக் காரணம் என்கிறார்கள் தாவரவியலார். மலையேற்றம் இல்லாவிட்டாலும் தொட்டபெட்டா சாலையிலிருந்தே இதைப் பார்க்கலாம். அவலாஞ்சியில் வனத்துறை வண்டிச் சுற்றுலா நடக்கும் நாட்களில் காலிஃபிளவர் சோலை என்ற இடத்தில் நிறுத்துவார்கள். மேலிருந்து பார்க்கும்போது மர உச்சிகள் உருண்டை உருண்டையாக நெருங்கி நிற்பதால் வந்த பெயர். தளிர்க்காலத்தில் அந்த உருண்டைகளில் இரண்டு ஒரே நிறத்தில் இருக்காது.

குறிஞ்சியைக் கேட்பீர்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. நடுவில் ஆண்டுதோறும் “குறிஞ்சி பூத்தது” என்று செய்தி வரும். அது பொய்யல்ல, குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. ஆனால் மலைச்சரிவு முழுக்க நீலமாகும் அந்தக் காட்சிக்கு 2030 வரை பொறுக்க வேண்டும்.

இரண்டாம் படி: அனுமதி

இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் வருகிறவர்கள் இணையத்தில் பதிவு செய்து இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

மற்றொன்று, மலையேற்ற அனுமதி. மேல்மலை முழுவதும் காப்புக்காடு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதியின்றி உள்ளே நடப்பது சட்டப்படி குற்றம். நல்ல வேளையாக 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள். இணையத்தில் பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகளில் பலர் பழங்குடி இளைஞர்கள். அவலாஞ்சி–கோலரிபெட்டா, அவலாஞ்சி–தேவர்பெட்டா, பார்சன்ஸ் வேலி–முக்கூர்த்தி, கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. அடையாள அட்டையின் அசலை எடுத்து வாருங்கள். மேலே பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது; பதிவுச் சீட்டை ஊட்டியிலேயே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஊட்டிக்கு வந்து ஒரு நாள் சும்மா இருங்கள்

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். கோலரிபெட்டா சுமார் 2,630 மீட்டர். தமிழகத்தின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. இமயமலையில் வருவதுபோன்ற ஆபத்தான மலைநோய் இங்கே பெரும்பாலும் வராது. ஆனால் இரவுப் பேருந்தில் வந்து, காலை இறங்கிய கையோடு மலை ஏறினால் தலைவலி, மூச்சிரைப்பு, குமட்டல் மூன்றும் வரிசையாக வரும். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் வந்த அன்று சின்ன நடை போதும். அவலாஞ்சி சாலையிலேயே ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கெய்ர்ன் ஹில் நல்ல தொடக்கம். நெடுநெடுவென்று வளர்ந்த சைப்ரஸ் மரங்களுக்குள் பாதை போகும். உள்ளே அரை இருட்டு. கீழே பார்த்தால் செடி அதிகம் இருக்காது. அது நட்டு வளர்த்த காடு. அந்தக் கரும்பச்சையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் உண்மையான சோலைக்குள் நுழையும்போது வித்தியாசம் தானாகத் தெரியும். கோத்தகிரி பக்கம் தங்குகிறவர்கள் லாங்வுட் சோலைக்குப் போகலாம். தேயிலைக்கு நடுவே தப்பிப் பிழைத்த சோலை அது. ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறுங்கள். மெதுவாக ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். டிக்கெட்டை வெகு முன்னதாகவே எடுக்க வேண்டும்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கோலரிபெட்டாவுக்குப் பதிவு செய்ய வேண்டாம். வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள். சமதரையில் நடப்பது இதற்குப் போதாது. இறங்கும்போது முழங்காலுக்கு மேல் உள்ள தசைதான் முதலில் துவளும். அதற்குப் படி இறங்கும் பயிற்சிதான் உதவும்.

நான்காம் படி: மூட்டை

கனமான ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலாக, மெல்லியதாக மூன்று அடுக்கு. உள்ளே வியர்வை உறிஞ்சிக் காயும் டி-ஷர்ட், நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் தாங்கும் ஜாக்கெட். ஏறும்போது நடு அடுக்கைக் கழற்றிவிடலாம். உச்சியில் நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்த்த உடம்பில் மேல்மலைக் காற்று பட்டால் ஐந்து நிமிடத்தில் நடுக்கம் வரும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. குடை வேண்டாம், மலைமுகட்டில் காற்று பிடுங்கிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி என்றால் குல்லாவும் கையுறையும் கட்டாயம்.

குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். மூக்கும் காதுமடலும் கருகிப்போய் இறங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ நன்றாகப் பிடிக்கும் அடிப்பகுதியோடு, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பழைய மண்ணை ஊட்டியில் அறையிலேயே சுத்தமாகக் கழுவிவிட்டு வாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் இரண்டு லிட்டர், ஸ்டீல் அல்லது அலுமினிய பாட்டிலில். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு. சோதனைச்சாவடியில் பிடித்தால் அபராதம். நிரப்பிக்கொள்ள சாலையோரங்களில் தண்ணீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமோ புளிசாதமோ இலையில் கட்டி எடுத்துக்கொண்டால் போதும். கூடவே கடலை மிட்டாய், வாழைப்பழம், ஊட்டி வர்க்கி. வர்க்கி கனமில்லாதது, கெடாது, பசிக்கும் தாங்கும். அட்டைக்கு ஒரு சின்னத் துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் சோலைக்குள் அட்டை இல்லாமல் இருக்காது. பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டால் பாதித் தொல்லை தீரும். பனிக்காலத்தில் அட்டை இல்லை, புல்லில் உண்ணி இருக்கும். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: அதிகாலையில் கிளம்புங்கள்

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். முத்தோரை பாலாடா, எமரால்டு வழியாகப் போகும். சாலை வளைவுகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாலாடா பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் தோட்டங்கள். பச்சை, செம்மண், பச்சை என்று வரிவரியாக இருக்கும் அந்தச் சரிவுகளும் அழகுதான்.

சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் மேட்டில் பனி இல்லாதபோதும் கீழே புல்வெளியும் நிறுத்திவைத்த வண்டிக் கூரையும் வெள்ளையாகிக் கிடக்கின்றன. ஊட்டியில் காந்தல், தலைகுந்தா, மேலே அவலாஞ்சி எல்லாம் இதற்குப் பேர்போனவை. வெயில் பட்ட சிறிது நேரத்தில் அது கரைந்துவிடும். இரண்டாவது, மேகம். குந்தா மலைத்தொடரின் மேற்கு விளிம்பு கேரளப் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது. காலை வெயிலில் கீழே சூடான காற்று அந்தச் சுவரில் ஏறி, மதியத்துக்குள் மேகமாகி விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும். பதினோரு மணி வரை முக்கூர்த்தி சிகரம் தெரிந்துகொண்டிருக்கும்; பன்னிரண்டுக்குப் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். உச்சியை முற்பகலில் தொட்டுவிட்டு, மதியம் தாண்டுவதற்குள் இறங்கத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: நடக்கும்போது என்னவெல்லாம் பார்ப்பது

வனத்துறை இடத்தில் பெயர் பதிந்து, வழிகாட்டியோடு கிளம்புகிறீர்கள். தொடக்கத்திலேயே நீங்கள் பார்க்கப் போவது வந்தேறிய நிறங்கள். பந்து பந்தாக மஞ்சள் பூத்து நிற்கும் சீகை (வாட்டில்) மரங்கள். தோல் பதனிட உதவும் பட்டைக்கும் விறகுக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அங்கிருந்து வந்ததுதான். முள்ளுக்கு நடுவே பளிச்சென்று மஞ்சள் பூக்கும் கோர்ஸ் புதரும், முள்ளில்லாமல் அதே மஞ்சளில் பூக்கும் ஸ்காட்ச் புரூமும் ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தவை. ஓடையோரத்தில் வெள்ளை வெளேரென்று கூம்புப் பூவோடு நிற்கும் கல்லா லில்லி தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தம். படம் எடுக்க எல்லாமே அழகாக இருக்கும். ஆனால் அந்த மஞ்சள் நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் புல்வெளி. சீகையின் கீழ் அந்தப் புல் வளராது. வரையாடு அங்கே மேய வராது.

அடுத்து சோலை. மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மட்டும் இது இருக்கும். மரங்கள் குட்டை, கிளைகள் முறுக்கிக்கொண்டவை, உடம்பெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும். உள்ளே நுழைந்ததும் குளிர் ஏறும், காலடிச் சத்தம் அடங்கும். இங்கே பேசாமல் நடங்கள். நீலகிரி சிரிப்பான் என்ற பறவை புதருக்குள்ளிருந்து சத்தமாகச் சிரிக்கும். கருநீலத்தில் சின்னதாக ஒன்று கிளையிலிருந்து பறந்து பூச்சி பிடித்துத் திரும்பினால், அது நீலகிரி ஈப்பிடிப்பான். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

சோலை முடியும் இடத்தில் புல்வெளி, கத்தியால் வெட்டினாற்போலத் தொடங்கும். ஏன் சரிவில் மரமே இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். யாரோ வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அப்படியில்லை. திறந்த வெளியில் உறைபனியும் காற்றும் தீயும் மரக்கன்றை வளரவிடுவதில்லை. பள்ளங்களில் உள்ள சதுப்பு மண்ணைத் துளைத்து ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். சோலையைப் போலவே புல்வெளியும் இந்த மலையின் இயற்கை. அதைத் தரிசு என்று நினைத்ததால்தான் பல ஆயிரம் ஏக்கரில் சீகையையும் கற்பூரத்தையும் நட்டார்கள். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குத் தண்ணீர் விடுவது இந்தப் புல்லும் சதுப்பும்தான். பவானி ஆறு இந்த மலைகளில்தான் பிறக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கும் நெல்லுக்கும் போகும் தண்ணீர் இங்கிருந்து இறங்குவது. இன்று அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. வெட்டிய சீகை குவிந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், காட்டை அழிக்கிறார்கள் என்று பதறிப் படம் போட்டுவிடாதீர்கள், வழிகாட்டியிடம் கேளுங்கள்.

இந்தப் புல்வெளியில் தனியாக நிற்கும் ஒரே மரம் காட்டுப் பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வந்தால் இதற்குப் பக்கத்தில் கட்டாயம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கிளை நுனியில் கைகொள்ளும் அளவுக்குக் கொத்து. பூ ஒவ்வொன்றும் மணி வடிவம், நல்ல குருதிச் சிவப்பு. இலையைப் பறிக்காமல் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, அடியில் துரு நிறத்தில் மெத்தென்ற மயிர்ப்படலம். குளிரிலும் காற்றிலும் இலையின் ஈரம் போகாமல் காப்பது அது. பட்டையைத் தொட்டால் தடிப்பாக, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். புல்வெளித் தீ கடந்துபோனாலும் உள்ளே உயிர் தங்குவது அதனால்தான். இதன் நெருங்கிய உறவுகளில் பெரும்பாலானவை இமயமலையில் இருக்கின்றன. நடுவில் உள்ள 2,000 கிலோமீட்டருக்கு ஒன்றுகூட இல்லை. குளிர் மிகுந்த ஒரு காலத்தில் தெற்கே வரை பரவி, பிறகு வெப்பம் கூடியபோது உயரமான மலைகளில் மட்டும் ஒதுங்கிக்கொண்ட மரம் என்பது அறிவியலாளர் பலரின் விளக்கம். வரையாட்டுக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

கடைசி ஏற்றம் முகட்டில். காற்று பலமாக இருந்தால் உட்கார்ந்து ஓய்வெடுத்து ஏறுங்கள். உச்சியிலிருந்து கீழே அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் மலைக்கிளைகளுக்குள் புகுந்து நிற்பது தெரியும். வடமேற்கே கூராக நிற்பது 2,554 மீட்டர் முக்கூர்த்தி. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுக்கு அது புனிதமான மலை. இறந்தவர்களின் உலகம் அந்த மேற்குப் பக்கம்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே கத்திக் கூச்சலிடுவதும் பாட்டுப் போடுவதும் வேண்டாம். வழியில் ‘மந்து’ எனப்படும் தோடர் குடியிருப்பைக் கடந்தால் கோயிலை நெருங்காதீர்கள். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

விலங்குகளைப் பற்றி

வரையாடு தெரிந்தால் அதிர்ஷ்டம். பாறை விளிம்பில், பாறை நிறத்திலேயே நிற்கும். வயதான கிடாவின் முதுகில் வெளிர்ந்த சேணம்போன்ற பட்டை இருக்கும். பைனாகுலரில் பாருங்கள். உணவு நீட்டவோ, படத்துக்காகக் கிட்டே போகவோ கூடாது. குட்டி ஈனும் காலம் ஆண்டின் முதல் சில மாதங்கள். விரட்டினால் தாயும் குட்டியும் பிரிந்துவிடும்.

காட்டெருமையும் கரடியும் வேறு கதை. காட்டெருமை மாடு மாதிரி நின்று பார்க்கும்; அதை நம்பி முன்னேறாதீர்கள். தலையைத் தாழ்த்தி மூச்சுவிட்டால் பின்வாங்கி வழிவிடுங்கள். கரடி பெரும்பாலும் அதிகாலை, அந்தி. வளைவில் திடீரென்று எதிர்ப்படுவதுதான் ஆபத்து. வழிகாட்டியைத் தாண்டி முன்னால் ஓடுகிறவர்களுக்கு அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: அவருக்குப் பின்னால் நடங்கள். புலியும் சிறுத்தையும் இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது அநேகமாகக் கால்தடமாகத்தான் இருக்கும்.

மேகம் மூடிவிட்டால் நின்ற இடத்தில் நில்லுங்கள். புல்வெளியில் எல்லாத் திசையும் ஒன்றுபோல இருக்கும். குறுக்கே இறங்கினால் சதுப்பிலோ விளிம்பிலோ போய் முடியும். எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் சேர்ந்து, வழிகாட்டி சொல்லும் வரை காத்திருங்கள். மழைக்காலத்தில் இடி கேட்டால் முகட்டைவிட்டு உடனே இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

கடைசிப் படி: இறங்கிய பிறகு

வனத்துறைப் பதிவேட்டில் திரும்பிவந்ததைக் குறித்துவிட்டுக் கிளம்புங்கள். குறிக்காமல் போனால் இருட்டில் உங்களைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

சாக்ஸிலும் ஷூ நாடாவிலும் பேண்ட் மடிப்பிலும் விதைகள் ஒட்டியிருக்கும். ஷூ அடி மண்ணிலும் இருக்கும். சீகை, கோர்ஸ், புரூம் மூன்றின் விதையும் மண்ணுக்குள் பல ஆண்டுகள் முளைக்காமல் காத்துக் கிடந்து, பிறகு முளைக்கக்கூடியவை. நடப்பவரின் ஷூ அவற்றுக்கு நல்ல வாகனம். வருவதற்கு முன்பே கழுவச் சொன்னது இதனால்தான். ஊட்டியில் ஒட்டியது மேலே போய் விழக் கூடாது. இறங்கியதும் அதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். ஓடையில் ஷூவை அலச வேண்டாம், தண்ணீர் விதையைக் கீழே கொண்டுபோய்விடும். அறைக்கு வந்து, ஒரு பழைய தாளை விரித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து உதிர்ந்ததையெல்லாம் மடித்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அப்புறம் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு, காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் படுங்கள். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.